சிறார் இலக்கியத்தில் ஆசிரியர் பன்மை
(பொருநைக் கழிமுகப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு)

1. ஆய்வின் நோக்கம்

தமிழில் சிறார்க்கென எழுதப்பெறும் நூல்கள் பல்கிவரும் இக்காலத்தில், அவற்றை எழுதுவோர் யாவர் என்னும் வினா ஆராய்ச்சியாளர் கருத்தைப் போதிய அளவு கவரவில்லை. நூல்களின் அறக்கருத்து, நடை, சொல்லாட்சி, வயதிற்கேற்ற எளிமை ஆகியன விரிவாக ஆராயப்படுகின்றன. எழுதுவோர் எந்நிலத்தார், எத்தொழிற் குடியில் வந்தோர், எந்தச் சிறாரை மனத்திற் கொண்டு எழுதுவோர் என்பன ஆசிரியர் வரலாறு என்னும் தலைப்பில் ஒரு பத்தியளவில் கூறி விடப்படுகின்றன. ஆசிரியர் பன்மை என்பது இலக்கியத்திற்குப் புறம்பான சமுதாயச் செய்தி அன்று. நூலின் சொல்லையும் நோக்கையும் உள்ளிருந்து உருவாக்குவதோர் இலக்கியக் கூறு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இதனை நிறுவுதற்குச் சாயர்புரத்தையும் அதனைச் சூழ்ந்த பகுதியையும் எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடிக்குத் தென்மேற்கே, பொருநையாற்றின் வடபால், செம்மண் தேரியும் பனங்காடும் சூழ அமைந்தது சாயர்புரம். பழம்புகழ்க் கொற்கையும், ஆறு கடலொடு கலக்கும் புன்னைக்காயலும், திருவைகுண்டமும், காயல்பட்டினமும் அணித்தே உள்ளன. பனையேறுவோர், உப்பளத் தொழிலாளர், சங்கு குளிப்போர், மீன் பிடிப்போர், வாழையும் நெல்லும் பயிரிடுவோர் எனப் பலர் வாழும் இடம் இது. இந்நிலத்துச் சிறார் ஒரே வகுப்பறையில் அமர்ந்து ஒரே நூலைப் படிக்கின்றனர். அந்நூல் அவருள் யாரை நோக்கிப் பேசுகின்றது என்பதே நம் வினா.

2. பாடுபொருளாகிய குழந்தை

தமிழிலக்கியம் குழந்தையை நெடுங்காலமாக அறியும். குழவிப் பருவத்தைப் பாடுதற்குத் தொல்காப்பியர் இடந்தந்துள்ளார். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை அதன்வழி வளர்ந்தது. மதுரை மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் இப்பொருநைக் கரையிலுள்ள திருவைகுண்டத்தில் தோன்றியவர். பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழும் இப்பகுதித் தெய்வத்தையே பாடுகின்றது.

ஆயினும் பிள்ளைத்தமிழ் குழந்தைக்குரிய இலக்கியம் அன்று. அதன்கண் குழந்தை பாடுபொருள், கேட்போர் முதியோர். தாலும் சப்பாணியும் முத்தமும் வளர்ந்தோர் உள்ளத்து அன்பையும் பத்தியையும் வெளியிடும் வாயில்களாக நிற்கின்றன. நெய்தற்றிணைப் பாடல்களில் வரும் சிற்றில் இழைத்தலும் அலவன் ஆட்டலும் இத்தன்மையனவே. அவை காதலர்தம் நினைவுக்குப் பின்புலமாகும் விளையாட்டுகள். சிறுமியர் கேட்டு மகிழ்தற்குப் பாடப்பெற்றவை அல்ல.

இலக்கியத்தில் குழந்தை நிற்றற்குரிய நிலைகள் நான்கு எனலாம்: பாடுபொருளாதல், கற்பிக்கப்படுவோன் ஆதல், உரிமையுடைய வாசகன் ஆதல், தன் வாழ்வை எழுதும் ஆசிரியனாக வளர்தல். முதல் நிலையினின்று நான்காம் நிலைவரை இப்பகுதியின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்கின், ஆசிரியர் பன்மையின் தேவை தானே விளங்கும்.

3. முத்துக்கரையும் முதல் அச்சும்

தமிழ் நூலச்சின் தொடக்கம் இக்கடற்கரையொடு பிணைந்தது. 1554இல் லிசுபன் நகரில் அச்சாகிய தமிழ்ச் சமய வினாவிடை, முத்துக்குளித்துறை மக்களைக் கருதி அமைக்கப்பெற்றது. அதன் தமிழ் உரோமானிய எழுத்துகளில் அமைந்திருந்தது. போர்ச்சுகீசியத்தில் அதற்கு இட்ட பெயர் எழுத்தறிவிக்கும் பாலபாடத்தைக் குறிக்கும் சொல்லாகும். 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கமும், 1586இல் அச்சேறிய அடியார் வரலாறும் அண்டிரிக்கு அடிகளார் என்னும் என்றீக்கே என்றீக்கசு பாதிரியாரின் உழைப்பால் விளைந்தன. அவ்வச்சுப் பணிக்கு இக்கரைப் பரதவர் பொருளுதவி செய்தனர்.

இதற்கு முன்னரே, 1542இல் இக்கரைக்கு வந்த சவேரியார் மணியடித்துச் சிறாரைக் கூட்டி, தமிழில் பெயர்த்த மன்றாட்டுகளை மனப்பாடம் செய்வித்தார். சிறார் அவற்றை வீட்டிற்குச் சென்று பெற்றோர்க்கும் அயலார்க்கும் சொல்லிக் கொடுத்தனர். இச்செய்தியை அவர்தம் மடல்களே கூறுகின்றன. இது கருத்தூன்றி நோக்கத்தக்கது. பரதவச் சிறார் பிறர் சொல்லைச் சுமந்து செல்லும் தூதராயினர். அவர் சுமந்த சொற்களுள் தோணியும் பாரும் சங்கும் அவர்தம் அச்சமும் களிப்பும் இடம்பெறவில்லை. அச்சுக்குப் பொருள் தந்த குடியின் பிள்ளைகள் அச்சில் கற்போராக மட்டும் நின்றனர். இஃது இரண்டாம் நிலை.

காயல்பட்டினத்தில் வேறொரு மரபு வளர்ந்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் வாயிலாகச் சிறாரும் பெண்டிரும் சமயக் கல்வி பெற்றனர். எழுத்து வேறாயினும் சிறார்க்குரிய நிலை அதுவே. அவர் கற்போராகவே நின்றனர்.

4. சாயர்புரமும் போப்பையரும்

சாமுவேல் சாயர் என்னும் வணிகர் பெயரால் அமைந்த இவ்வூருக்கு, 1839இல் தமிழகம் வந்த ஜி. யு. போப் 1842 அளவில் பணியாற்ற வந்தார். அவர் இங்கு நிறுவிய குருமடக் கல்விக்கூடம், பனங்காட்டுச் சிற்றூரின் இளைஞர்க்குத் தமிழொடு ஆங்கிலமும் இலத்தீனும் கிரேக்கமும் பயிற்றியது. அவர் பெயர் தாங்கிய போப் கல்லூரி 1962இல் இவ்வூரில் தொடங்கப்பெற்றது. திருக்குறளை 1886இலும், நாலடியாரை 1893இலும், திருவாசகத்தை 1900த்திலும் ஆங்கிலத்தில் வெளியிட்டமை பற்றி அவரை உலகம் போற்றும். மாணவர்க்கென அவர் செய்த வினாவிடை இலக்கணங்களும், 1859இல் தொகுத்த தமிழ்ச் செய்யுட் கலம்பகமும் நம் ஆய்வுக்கு நெருங்கியவை.

வினாவிடை என்னும் அமைப்பு கற்போனை மதிக்கும் நல்ல கருவி. சிக்கலான நன்னூற் கருத்துகள் சிறுவன் நாவில் அமருமாறு அது செய்தது. ஆயின் அதில் வினாவும் ஆசிரியனுடையது, விடையும் ஆசிரியனுடையது. மாணவன் தானே எழுப்பும் வினாவிற்கு அவ்வமைப்பில் இடமில்லை. போப்பையர் தமிழ்மேற் கொண்ட காதல் ஐயத்திற்கு இடமற்றது. அவர் நூலின் குறையாக இதனை யாம் கூறவில்லை. பாடநூல் என்னும் வகையின் எல்லை இதுவென்றே சுட்டுகின்றோம். பிற்காலச் சிறார் இலக்கியத்தின் பெரும்பகுதி, கதையுருக் கொண்டபின்னும், இவ்வினாவிடை மனப்பான்மையினின்று விடுபடவில்லை என்பதே நம் கவலை.

5. வாசகனாகிய குழந்தை

இதே மாவட்டத்து எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியார் 1915இல் பாடிய பாப்பா பாட்டு குழந்தையை நேரே விளித்தது. அதிலும் ஏவல்கள் உள்ளன. ஆயின் அவ்வேவல்களுள் விளையாட்டுக்கும், உயிர்கள்மேல் அன்பிற்கும், சாதி மறுப்புக்கும், கொடுமை கண்டு அஞ்சாமைக்கும் இடம் உண்டு. ஆத்திசூடி மரபின் கட்டளையிடும் குரல் தோழமைக் குரலாக மாறுவதை அங்குக் காண்கின்றோம்.

குமரி நாட்டுத் தேரூரில் பிறந்து பள்ளி ஆசிரியராய் இருந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, வங்கிப் பணியிலிருந்த அழ. வள்ளியப்பா, குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் 10 தொகுதிகளாக உருவாக்கிய பெ. தூரன், கதைகளாலும் படக்கதைகளாலும் பல தலைமுறைச் சிறாரை ஈர்த்த வாண்டுமாமா ஆகியோர் குழந்தையை வாசகனாக்கினர். 1950இல் தோன்றிய குழந்தை எழுத்தாளர் சங்கம் இவ்வுணர்ச்சிக்கு அமைப்பு வடிவம் தந்தது. ஈழத்தில் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பையும் அந்நாளுக்குரிய கூழையும் கொழுக்கட்டையையும் பாடி, யாழ்ப்பாணத்துச் சிறுவன் தன் வீட்டு அடுக்களையைப் பாட்டிற் காணுமாறு செய்தார். அப்பாடலின் வெற்றி அதன் ஊர்ப்பற்றிலேயே உள்ளது. எல்லாச் சிறார்க்கும் பொதுவாக எழுதுகின்றோம் என்று கருதியிருப்பின் அவர் அப்பண்டங்களின் பெயரையே விட்டிருப்பார்.

பொதுமை என்னும் பெயரால் நிகழும் இழப்பை இங்குக் கருதல் வேண்டும். நம் கதைகளில் பலகாலம் வந்த பொதுச் சிறுவன் ஓரளவு வசதியுள்ள வீட்டினன். தந்தை அலுவலகம் செல்வார். விடுமுறையில் அவன் பாட்டி ஊருக்குச் செல்வான். பாட்டி ஊரிலேயே பிறந்து, பனையேறும் தந்தைக்குக் கலயம் கழுவிக் கொடுத்து, தாய் விடிலியில் கருப்பட்டி காய்ச்சுங்கால் அடுப்பெரிக்கும் சிறுமி அக்கதைகளில் விருந்தினன் காணும் காட்சியாகவே வருவாள்; கதையை நடத்துபவளாக வருதல் அரிது.

6. விளக்கம் யார்க்கு?

ஒரு நூல் யாரை வாசகராகக் கருதுகின்றது என்பதை அறிய எளியதோர் அளவுகோலை ஈண்டு முன்வைக்கின்றோம். எச்சொல்லுக்கு ஆசிரியர் விளக்கம் தருகின்றார், எச்சொல்லை விளக்காது விடுகின்றார் என்று நோக்குக. தளைநார், பாளை அருவாள், வள்ளம், பார் என்னும் சொற்களுக்கெல்லாம் விளக்கம் தந்து, மாடிக் குடியிருப்பையும் மின்தூக்கியையும் விளக்காது செல்லும் கதை நகரச் சிறுவனுக்கே எழுதப்பட்டது. அது பனங்காட்டைப் பற்றிப் பேசலாம். பனங்காட்டுச் சிறுமியொடு பேசவில்லை.

இவ்வளவுகோலைக் கி. ராஜநாராயணனின் பிஞ்சுகள் என்னும் குறுநாவலில் பொருத்திக் காண்போம். கரிசல் நிலத்துச் சிறுவன் ஒருவன் பறவைகளையும் முட்டைகளையும் தேடித் திரிந்து கற்கும் கதை அது. இடைசெவலில் பிறந்த ஆசிரியர் பறவைகளை ஊர் வழக்குப் பெயராலேயே அழைக்கின்றார். அறியாத சொல்லைச் சிறுவனின் தேடலுடன் நாமும் சென்று அறிகின்றோம். கரிசற் சிறுவன் அங்கு ஆசான்; நகர வாசகன் மாணவன். அறிவின் ஓட்டம் திசை மாறிவிட்டது. ஆசிரியர் பன்மையால் விளையும் இலக்கியப் பயன் இத்திசை மாற்றமே.

இரா. நடராசனின் ஆயிஷா என்னும் குறுநாவல் 1990களில் வெளிவந்து பரவலாகப் படிக்கப்பட்டது. அறிவியல் நூலொன்றுக்கு ஆசிரியை எழுதும் முன்னுரையாக அமைந்த அதன் கட்டமைப்பு சிறப்புடையது. வினாக் கேட்பதற்காகவே அடிபடும் மாணவி, வலியறியாதிருக்க வேதிப்பொருளைத் தன் உடலிலேயே சோதித்து உயிரிழக்கின்றாள். வினாவிடைக் கல்வி வினாவெழுப்பும் குழந்தையைக் கொல்லும் என்னும் உண்மையை இதனினும் கூர்மையாகச் சொல்லிய சிறார் கதை அரிது. ஆயினும் ஒன்று கூறல் வேண்டும். ஆயிஷா என்னும் பெயர் அவளை இசுலாமியக் குடிப்பிறந்தவள் எனக் காட்டுகின்றது. அவள் வீடு, உறவு, அவள் கேட்டு வளர்ந்த கதைகள் ஆகியன கதையில் மிகச் சுருங்கியே உள்ளன. பள்ளியின் கொடுமையைக் காட்டும் கதைக்கு அது குறையன்று. ஆனால் அவ்வீட்டினுள்ளிருந்து எழும் மற்றொரு நூலும் வேண்டும் என்பதை அவ்விடைவெளி உணர்த்துகின்றது. ஒரு நல்ல நூல் மற்றொரு நூலின் தேவையைக் குறைப்பதில்லை.

7. பன்மையின் அண்மைத் தடங்கள்

சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரசுகார் பட்டியல் ஓரளவு சான்றாகும். முதலாண்டில் மா. கமலவேலனின் அந்தோணியின் ஆட்டுக்குட்டியும், 2011இல் ம. இலெ. தங்கப்பாவின் சோளக்கொல்லைப் பொம்மையும், 2012இல் கொ. மா. கோதண்டத்தின் காட்டுக்குள்ளே இசைவிழாவும், 2020இல் யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியமும் பரிசு பெற்றன. கோவில்பட்டியைச் சேர்ந்தவரும் தொடர்வண்டி நிலைய அதிகாரியாகப் பணியாற்றியவருமாகிய உதயசங்கர், கீழடியைப் பின்புலமாகக் கொண்ட ஆதனின் பொம்மைக்காக 2023இல் பரிசு பெற்றார். 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் ஒற்றைச் சிறகு ஓவியா பெற்றது. தொழிலாலும் நிலத்தாலும் பலராகிய ஆசிரியர் எழுதவந்துள்ளனர் என்பதும், சிறார்மேல் நிகழும் பாலியல் கொடுமை போன்ற, முன்னர்ப் பேசத் தயங்கிய பொருள்கள் நூலுள் இடம்பெற்றன என்பதும் இதனாற் புலனாம்.

பட்டியலைக் கணக்கிடுவோர் ஓர் எச்சரிக்கையைக் கைக்கொள்ளல் வேண்டும். 2010 முதல் 2025 வரை பரிசு பெற்ற 16 பேருள் பெயரளவில் நோக்கின் நால்வர் பெண்டிர் எனத் தோன்றும். 2013இல் பெற்ற ரேவதி, இ. எஸ். ஹரிஹரன் என்பாரின் புனைபெயர். 2024இல் பெற்ற யூமா வாசுகியும் ஆடவரே. எனவே 2019இல் பெற்ற தேவி நாச்சியப்பனும் 2022இல் பெற்ற ஜி. மீனாட்சியுமாகிய இருவரே பெண்டிர். சிறாரை வளர்க்கும் பொறுப்பைப் பெரிதும் பெண்டிரிடம் விட்ட சமுதாயத்தில், சிறார்க்கு எழுதிய சிறப்பு 16இல் இருவர்க்கே கிட்டியுள்ளது. பெயரைக் கொண்டு பன்மையை அளத்தல் எத்துணைப் பிழைபடும் என்பதும் இதனால் விளங்கும்.

அமெரிக்க நாட்டில் நான்சி லாரிக் 1965இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகைக் கணக்கெடுப்புக்கு முன்மாதிரி. மூன்றாண்டுகளில் வெளிவந்த 5,206 சிறார் நூல்களை நோக்கி, அவற்றுள் 349இல் மட்டுமே, அஃதாவது நூற்றுக்கு 6.7 அளவில், கறுப்பின மாந்தர் இடம்பெற்றனர் என அவர் காட்டினார். 1990இல் ரூடின் சிம்சு பிஷப், நூல்கள் சிறார்க்குத் தம்மைக் காட்டும் ஆடியாகவும் பிறரைக் காட்டும் பலகணியாகவும் இருத்தல் வேண்டும் என்றார். இவ்வுவமையிற் கருதத்தக்கது யாதெனின், ஆடியின்றிப் பலகணி மட்டுமே பெற்ற குழந்தை தன்னைச் சிறுமையாக எண்ணும்; பலகணியின்றி ஆடி மட்டுமே பெற்ற குழந்தை தன்னைப் பெருமையாக எண்ணும். இரண்டும் கேடே.

இக்கேடு நம் நாட்டில் வெறுங் கருத்தன்று. தென் மாவட்டப் பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையிற் கட்டும் வழக்கம் நெடுநாளாகக் கண்டிக்கப்பட்டு வருகின்றது. 2023 ஆகத்து மாதம் நாங்குநேரியில் பட்டியல் குடியைச் சேர்ந்த மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் உடன்பயில்வோரால் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். அதன்பின் அமைந்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 சூனில் அளித்த அறிக்கை அக்கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. விஷ்ணுபுரம் சரவணன் இப்பொருளையே கயிறு என்னும் சிறு கதைநூலாக்கியுள்ளார். அருகமர்ந்து பயில்வோன் வீட்டின் கதையை ஒருகாலும் படித்தறியாத மாணவனுக்கு அவன் அயலானாகவே நிற்பான் என்பதை மறுத்தல் அரிது.

8. ஒரு தடையும் விடையும்

பிறப்பைக் கொண்டு எழுத்துரிமையை வரையறுத்தல் இலக்கியத்திற்கு இழுக்கன்றோ எனச் சிலர் தடை எழுப்புவர். தடையை எளிதில் தள்ளலாகாது. ராஜம் கிருஷ்ணன் இக்கடற்கரையில் பிறந்தவர் அல்லர். ஆயினும் மக்களிடையே சென்று தங்கிக் கேட்டறிந்து, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைக் கரிப்பு மணிகளிலும், மீனவரை அலைவாய்க்கரையிலும், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலிற் சிக்கிய சிறாரைக் கூட்டுக்குஞ்சுகளிலும் எழுதினார். புறத்தார் எழுதலாகாது என்னும் விதி இருந்திருப்பின் இவை நமக்குக் கிட்டா.

எனினும் புறத்தார் நன்கு எழுதியமை அகத்தார் எழுதவேண்டா என்பதற்குச் சான்றாகாது. சங்கத் தொகைகளைக் காண்க. அறுவை வாணிகன் இளவேட்டனார், கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், பொற்கொல்லன் வெண்ணாகனார், மருத்துவன் தாமோதரனார், வெண்ணிக் குயத்தியார், குறமகள் இளவெயினி எனத் தொழிலும் குடியும் ஊரும் பெயரிலேயே விளங்க நிற்கும் புலவர் பலர். புலனெறி வழக்கம் எவரும் எத்திணையும் பாட இடந்தந்தது உண்மையே. அவ்வுரிமையைப் பல குடியினரும் பெற்றிருந்தனர் என்பதும் அத்துணை உண்மை. எவரும் எதையும் எழுதலாம் என்னும் கொள்கை, எல்லோரும் எழுத வரும்போதே நேர்மையுடையதாகும். ஆசிரியர் பன்மை மேனாட்டினின்று வந்த புதுக்கோட்பாடு அன்று. நம் தொகை நூல்களின் இயல்பே அது.

மற்றொரு காரணமும் உண்டு. அரசு நடத்திய முத்துச் சிலாபம் 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. பனையேறுவோர் தொகையும் ஆண்டுதோறும் சுருங்குகின்றது. தொழில் மறையுமிடத்துச் சொல் மறையும். தாத்தாவின் சொல்லைப் பேரனிடம் சேர்க்கும் நூலை எழுதவல்லோர், அச்சொல் வீட்டில் வழங்கக் கேட்டு வளர்ந்த கடைசித் தலைமுறையினரே. அகராதி அச்சொற்களின் பொருளைக் காக்கும்; அவற்றின் அச்சத்தையும் களிப்பையும் கதையே காக்கவல்லது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இப்பகுதிக் குழந்தை பிள்ளைத்தமிழில் பாடுபொருளாகவும், புன்னைக்காயல் தொடங்கிச் சாயர்புரம்வரை கற்போனாகவும், பாரதியார்க்குப் பின் வாசகனாகவும் நின்றமை தெளிவாகும். நான்காம் நிலையாகிய ஆசிரியனாதல் இப்போதுதான் தொடங்கியுள்ளது. 2021இல் அமைந்த தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர் சங்கமும், பள்ளிக் கல்வித்துறை வெளியிட்ட ஊஞ்சல், தேன்சிட்டு ஆகிய இதழ்களும் இதற்குத் துணைபுரிந்துள்ளன.

முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணிகள் மூன்று. முதலாவது, தமிழ்ச் சிறார் நூல்களை ஆண்டுவாரியாகத் தொகுத்து, ஆசிரியர் நிலம், தொழில், பாலினம் ஆகியவற்றைப் புனைபெயர் மயக்கமின்றிக் கணக்கிடுதல். இரண்டாவது, அந்நூல்களில் எச்சொற்கள் விளக்கம் பெறுகின்றன, எவை பெறவில்லை எனப் பட்டியலிட்டு, அவை கருதும் வாசகரை வெளிப்படுத்துதல். மூன்றாவது, பனங்காட்டிலும் உப்பளத்திலும் கடற்கரையிலும் முதியோர் சிறார்க்குச் சொல்லும் கதைகளையும் விடுகதைகளையும் சொல்வோர் பெயரொடு பதிவு செய்தல். பெயரொடு பதிவு செய்தல் என்பதை வற்புறுத்துகின்றோம். தகவலாளர் என்னும் பொதுப்பெயருள் ஆசிரியரை மறைத்துவிடுதல் நம் துறையின் பழைய குறை.

சாயர்புரத்துப் பள்ளியொன்றில் பயிலும் பனைத்தொழிலாளி மகள் தன் நூலைத் திறக்குங்கால், தன் தந்தையின் தளைநாருக்கு அடிக்குறிப்புத் தேவைப்படாத ஒரு பக்கத்தையேனும் அதிற் காணல் வேண்டும். அப்பக்கத்தை எழுதுவோர் அவள் ஊரிலிருந்தே எழுதல் கூடும். அவரைத் தேடிக் காண்பதும், வந்த நூலை இரக்கத்தால் உயர்த்தாது இலக்கிய அளவுகோலால் மதிப்பிடுவதும் திறனாய்வாளர் கடன்.